ஆடினோம், கேட்டோமா?

சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத்தின் இந்தியக் கலாசார நிகழ்ச்சிக்கு நடனப் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். பயிற்சி அறை கிடைக்காததால் அன்று எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையே மேடை. மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு நான்கு பேர் ஆடினோம். என் பாட்டி சோபாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் 'என்ஜாய் எஞ்சாமி' மூன்றாவது முறையாக ஓடியபோது அவர் கை நின்றுவிட்டது.

"இது யாரு செத்ததுக்குப் பாடுறதும்மா?" என்று கேட்டார்.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டி, இது எழவுப் பாட்டு இல்ல. எல்லாரும் ஆடுற பாட்டு," என்றேன்.

"ஆடட்டும். எழவு வீட்டுலயுந்தான் ஆடுவாங்க. ஆனா இது ஒப்பாரிதானே?"

நாங்கள் சிரித்ததை நிறுத்திவிட்டோம். அந்தப் பாடலை அதற்கு முன்பு நூறு முறையாவது கேட்டிருப்பேன். அது வெளிவந்த 2021 மார்ச்சில் நான் உயர்நிலைப் பள்ளி மாணவி. பேருந்தில், ஓட்டப் பயிற்சியில், தீபாவளிச் சந்தையில் கேம்பல் லேன் கடைகளின் ஒலிபெருக்கியில் என்று எங்கும் அதே தாளம். அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த அந்தப் பாடல் யூடியூப்பில் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. நானும் அதைக் கேட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். கீரை உருவிக்கொண்டே மூன்று முறை கேட்ட பாட்டிதான் உண்மையில் கேட்டவர்.

தேர்வில் தெரிந்தது, காதில் தெரியவில்லை

இதில் எனக்கு வெட்கம் தரும் விஷயம் ஒன்று உண்டு. ஒப்பாரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நாட்டுப்புறப் பாடல் வகைகளை எழுதச் சொன்னால் தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி என்று வரிசையாக எழுதுவேன். 'இறந்தவரை நினைத்துப் பெண்கள் பாடும் இரங்கல் பாடல்' என்று ஒரு வரி விளக்கமும் சேர்ப்பேன். முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் உண்மையான ஒப்பாரியின் சாயல் ஒரு பாடலில் வந்து காதைத் தொட்டபோது எனக்கு அது பிடிபடவில்லை.

இருமொழிக் கல்வியில் வளர்ந்த பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும் என்று நினைக்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர். 2010ல் அது 3.3 விழுக்காடு. இந்த எண்ணைச் சொல்லி ஆண்டுதோறும் கவலைப்படுகிறோம். ஆனால் பேசுவது குறைவதைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, கேட்பது குறைவதைப் பற்றி நாம் பேசுவதில்லை. பாடலில் வரும் எல்லாச் சொற்களும் எனக்குப் புரிந்தன. அவற்றை யார், எதற்காக, எந்தக் குரலில் சொல்கிறார் என்பதுதான் புரியவில்லை.

வள்ளியம்மாளின் கதை

அன்று இரவு அந்தப் பாடலின் பின்னணியைத் தேடிப் படித்தேன். அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்தவர். பா. இரஞ்சித் முன்னெடுத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் பாடியவர். 2019ல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளருடன் 'தெருக்குரல்' என்ற ராப் தொகுப்பை வெளியிட்டவர். 'என்ஜாய் எஞ்சாமி'க்கு வேராக இருந்தவர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். பாடல் காணொளியிலும் அவர் வருகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய குடும்பம் அது.

'திரும்பிய' என்ற சொல்லுக்குள் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948லேயே கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964ல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களை இரு நாடுகள் எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டன. மலையைத் தோட்டமாக்கியவர்களுக்கு அந்த மலையில் ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லை.

இதைப் படித்த பிறகு பாடலை மீண்டும் கேட்டேன். மண்ணும் மரமும் பறவையும் எல்லாருக்கும் பொது என்ற கொண்டாட்டம் முதலில் வருகிறது. அதற்குள்ளேயே, மரம் நட்டுத் தண்ணீர் ஊற்றியவருக்கு அதன் பலன் கிட்டவில்லையே என்ற ஆதங்கமும் வருகிறது. தலைப்பில் உள்ள 'எஞ்சாமி' கூட இரண்டு பக்கமும் பார்க்கும் சொல். நிலமற்ற கூலி நிலக்காரரை 'என் சாமி' என்று பணிந்து அழைத்ததும் உண்டு. பாட்டி பேரப்பிள்ளையை 'என் சாமி' என்று கொஞ்சுவதும் உண்டு. என் பாட்டி என்னை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நம் வீட்டுத் தோட்டக் கதை

இது இலங்கைக் கதை, தமிழ்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று யாராவது கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு அதில் வியப்பே இல்லை. "நம்ம கதைதானே," என்றார்.

பாட்டி ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. பன்னிரண்டு வயதில் அம்மாவுடன் விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டுக்குப் போனது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா மரம் வெட்ட, இவர் மங்குகளைத் துடைத்து வைத்தது, மழை வந்தால் அன்றைய பாலும் போய் அன்றைய கூலியும் போனது எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னார். திருமணம் ஆகிச் சிங்கப்பூர் வந்துவிட்டதால் அவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய அக்கா குடும்பம் அங்கேயே இருந்தது. 1969க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க உரிமம் வேண்டும் என்றானபோது, சிவப்பு அடையாள அட்டையுடன் இருந்த தோட்டத் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். பாட்டியின் அக்காவும் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் போனார். அதன் பிறகு சகோதரிகள் இருவரும் ஒரே ஒருமுறைதான் சந்தித்துக்கொண்டார்கள்.

அந்தப் பால்மரங்களின் தொடக்கம் எங்கே என்று பார்த்தால், நாம் வார இறுதியில் நடைப்பயிற்சிக்குப் போகும் சிங்கப்பூர்ப் பூமலை! 1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் அங்குதான் வந்தன. 1888ல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் பால் எடுக்கும் முறையை அங்குதான் வகுத்தார். பூமலை 2015ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானபோது பள்ளியில் அதைப் பெருமையோடு படித்தோம். அந்தக் கன்றுகள் மலாயா முழுவதும் காடாக வளர்ந்தபோது, அவற்றை வெட்டிப் பால் எடுக்கக் கங்காணிகள் மூலம் கப்பல் கப்பலாக வந்தவர்கள் நம் கொள்ளுப்பாட்டன்மாரும் கொள்ளுப்பாட்டிகளும்தான். மரத்தின் வரலாறு எனக்குத் தெரிந்திருந்தது. மரம் வெட்டியவரின் வரலாறு வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தது.

ஆடுவது குற்றமா?

இதையெல்லாம் நடனக் குழுவில் சொன்னபோது ஒரு நண்பர் எரிச்சலோடு கேட்டார்: "அப்போ இனிமே இந்தப் பாட்டுக்கு ஆடக்கூடாதா? அழணுமா?"

நியாயமான கேள்வி. பாடலின் பெயரிலேயே 'என்ஜாய்' இருக்கிறது. காணொளியும் வண்ணமும் ஆட்டமுமாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. அதை உருவாக்கியவர்கள் நம்மை ஆடத்தான் அழைத்தார்கள். மேலும், துக்கத்தையும் ஆட்டத்தையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைப்பது தமிழர் வழக்கமே இல்லை. இறுதி ஊர்வலத்தில் பறையடித்து ஆடுவதும், சென்னையில் சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவதும் காலங்காலமாக உள்ளவை. "எழவு வீட்டுலயுந்தான் ஆடுவாங்க" என்று பாட்டி சொன்னது அதைத்தான். ஆனால் அங்கே ஆடுகிறவருக்கு யாருக்காக ஆடுகிறோம் என்பது தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

உலகெங்கும் இப்படி நடப்பதுண்டு. அமெரிக்க ஹிப்ஹாப் இரட்டையர் அவுட்காஸ்ட் 2003ல் வெளியிட்ட தொகுப்பில் 'ஹே யா' என்று ஒரு பாடல். ஒன்பது வாரம் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. இன்றும் திருமண விருந்துகளில் அதற்கு ஆடுகிறார்கள். ஆனால் அது, காதல் நீடிக்காது என்று தெரிந்தும் பிரியத் தெரியாமல் தவிக்கும் இருவரைப் பற்றிய சோகப் பாடல். கேட்பவர்கள் தன் பேச்சைக் கவனிக்காமல் ஆட மட்டுமே விரும்புகிறார்கள் என்று பாடகர் ஆண்ட்ரே அந்தப் பாடலுக்குள்ளேயே குத்திக்காட்டுகிறார். அந்த வரிக்கும் சேர்த்து ஆடிவிட்டுப் போகிறோம்!

தாளம் நம்மைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. சொல் மெதுவாகத்தான் வருகிறது. அது வந்து சேரும்வரை காத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. பதினைந்து விநாடி டிக்டாக் துண்டில் அதற்கு இடமே இல்லை. ஒரு பாடலின் எந்தப் பதினைந்து விநாடி பரவுகிறது என்பதைப் பொறுத்தே அது மகிழ்ச்சிப் பாடலா சோகப் பாடலா என்பதை நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

யார் பெயர் விடுபட்டது?

கேட்காமல் ஆடுவதால் யாருக்கு என்ன நட்டம் என்றும் கேட்கலாம். இந்தப் பாடலுக்கு நேர்ந்ததே அதற்குப் பதில்.

2021 ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் கனடியத் தமிழ்க் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர். அப்போது பேசப்பட்ட 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய இரண்டு பாடல்களிலும் பாடலாசிரியராகப் பங்காற்றிய அறிவு அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் அதைச் சுட்டிக்காட்டிய பிறகு, அறிவை வைத்துத் தனி மின்னிதழ் அட்டை வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் சென்னையில் நடந்த 44வது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே இப்பாடல் மேடையேறியது. அதன் பிறகு அறிவு தம் உழைப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். இது பலரும் சேர்ந்து உருவாக்கிய பாடல், அறிவின் பங்கை யாரும் மறைக்கவில்லை என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் விளக்கம் தந்தனர். 2024 மார்ச்சில், இந்தப் பாடலால் தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே கூறினார்.

யார் எவ்வளவு செய்தார் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. பாட்டு ஒருவரால் மட்டும் உருவாவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் விதைத்தவருக்கு விளைச்சல் கிடைக்காததைப் பற்றிய ஒரு பாடல், கோடிக்கணக்கானோர் கொண்டாடிய பிறகும் அதே கதைக்குள் போய் விழுந்தது நெஞ்சை உறுத்துகிறது. ரசிகர்களாகிய நமக்கும் இதில் சிறு பங்கு உண்டு. பாடலை எழுதியவர் யார் என்று எங்கள் குழுவில் அன்று கேட்டிருந்தால் நால்வரில் ஒருவர்தான் சரியாகச் சொல்லியிருப்பார். அந்த ஒருவர் நானில்லை.

தேக்காவில் ஒரு ஞாயிறு

பயிற்சிக்குச் சலங்கை வாங்கத் தேக்கா போயிருந்தோம். ஞாயிறு மாலை. வழக்கம்போல் ஊழியர் கூட்டம். புல்வெளியில் உட்கார்ந்து ஊருக்குக் காணொளி அழைப்பில் பேசுபவர்கள், பணம் அனுப்ப வரிசையில் நிற்பவர்கள், ஒரு தேநீரை இருவர் பகிர்ந்து குடிப்பவர்கள். யாரோ ஒருவரின் கைப்பேசியில் அதே பாடல்.

அவர்களில் யாரும் ஆடவில்லை. அண்ணன் ஒருவர் மட்டும் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஊகித்து எழுதவும் விருப்பமில்லை. ஆனால் நான் படிக்கும் வகுப்பறைக் கட்டடத்தையும், நான் ஏறும் எம்ஆர்டி தடத்தையும் கட்டிவிட்டு ஊர் திரும்பும் ஒருவரின் கையில் அந்தப் பாடல் வேறு மாதிரி ஒலித்தது. தோட்டக் காலத்துக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது இடம் மாறியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

உபதேசம் செய்ய எனக்கு வயதில்லை. எங்கள் குழு செய்த சில சிறிய வேலைகளை மட்டும் சொல்கிறேன். நடனத்தை நாங்கள் கைவிடவில்லை. அறிவிப்பாளரிடம் அரை நிமிடம் கேட்டு வாங்கி, பாடலை எழுதியவர், பாடியவர்கள், இசையமைத்தவர் பெயர்களையும் வள்ளியம்மாள் கதையையும் சொல்லச் செய்தோம். கடைசிப் பகுதியில் துள்ளலைக் குறைத்து, நால்வரும் மண்ணில் உட்கார்ந்து எழுவதுபோல் அசைவை மாற்றினோம். நிகழ்ச்சிக்குப் பிறகு மூன்று பேர் வந்து தங்கள் பாட்டிமாரின் தோட்டக் கதையைச் சொன்னார்கள். நடனத்துக்கு அதற்கு முன்பு எங்களுக்குக் கிடைத்த பாராட்டு 'நல்லா இருந்துச்சு' மட்டும்தான்.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் வட்டாரத்துக்கு ராப் புதிதல்ல. யோகி பி நட்சத்ராவின் 'வல்லவன்' தொகுப்பு மலேசியாவிலிருந்து 2006லேயே வந்துவிட்டது. நம் லேடி காஷ் 2010ல் 'எந்திரன்' படத்தில் ராப் பாடினார். யங் ராஜா தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து பாடுகிறார். ஒப்பாரிக்கு விளக்கம் எழுதச் சொல்வதோடு, ஒரு ராப் பாடலைப் போட்டு 'இதில் ஒப்பாரி எங்கே இருக்கிறது?' என்றும் கேளுங்கள். எங்களில் பலர் மதிப்பெண் இழப்போம். ஆனால் அந்தக் கேள்வியை மறக்க மாட்டோம்.

என் வயதினரிடமும் ஒன்று. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் மக்களின் குரல்களைப் பதிவு செய்துவருகிறது. அந்தப் பணியைச் செய்ய நம் ஒவ்வொருவரிடமும் இப்போது ஒரு கருவி இருக்கிறது. பெரும்பாலும் நாம் அதில் நம்மையே படம்பிடிக்கிறோம்.

நிகழ்ச்சி முடிந்த வாரம் பாட்டியிடம் ஓர் ஒப்பாரி பாடச் சொல்லிக் கேட்டேன். "வீட்டுக்குள்ள அத பாடக்கூடாதும்மா," என்று மறுத்துவிட்டார். சும்மா இருக்கும் வீட்டில் ஒப்பாரி எழுந்தால் ஆகாதாம். இரண்டு நாள் கழித்து அவரே, "வா, கீழ போவோம்," என்றார். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், துக்க வீட்டுக்காரர்கள் கூடாரம் போடும் அதே இடத்தில், கல் மேசை அருகே உட்கார்ந்து, நாகப்பட்டினத்தில் இறந்துபோன தம் அக்காவுக்காகப் பாடினார். அக்கா இறந்தபோது போக முடியவில்லையாம்.

என் கைப்பேசியில் அது ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஓடுகிறது. அதில் எனக்குப் புரியாத சொற்கள் ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.